ஒன்றரை மைலில் திரும்பியிருக்கணும்

"மலைன்னா முதல்ல ஏறணும், அப்புறம் இறங்கணும். இது என்னத்தா, தலைகீழா இருக்கு?" என்றார் அப்பா.

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு. பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடத்தில் காலை ஆறே முக்காலுக்கு நின்றுகொண்டிருந்தோம். மே மாதக் கடைசி. பீனிக்ஸ் பக்கம் எங்கள் வீட்டில் அந்த வாரம் வெயில் நூறு டிகிரியைத் தாண்டியாச்சு. இங்கேயோ பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றவே மாட்டேன் என்றார்கள்.

அப்பாவுக்கு 69 வயது. வத்தலக்குண்டில் பிறந்து வளர்ந்தவர். வாசலில் நின்றால் கொடைக்கானல் மலை தெரியுற ஊர். அதனால் அவருக்குப் புரிகிற கணக்கில் சொன்னேன். "நாம இப்ப நிக்கிறது கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம்ப்பா. 6,850 அடி. கீழே ஆறு ஓடுறது சுமார் 2,400 அடியில. இங்க கொடைக்கானல் குளிர், அங்க மதுரை வெயில். நாம மதுரையைப் பார்த்து இறங்கிட்டு, மத்தியானத்துக்குள்ள கொடைக்கானலுக்கு ஏறி வரணும்."

"அப்ப கஷ்டமெல்லாம் கடைசியிலன்னு சொல்லு" என்றார். ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார். ஆனாலும் அன்றைக்கு நாங்கள் செய்தது வேறு.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் மூணு வயசில் அமெரிக்கா வந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான். எனக்கு இன்னமும் 'ர'வுக்கும் 'ற'வுக்கும் தகராறு. இந்தக் கட்டுரையையும் அப்பாதான் சிவப்புப் பேனாவோடு திருத்தினார். ஒரே ஒரு இடத்தில் அவர் திருத்தத்தை நான் ஏற்கவில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், அப்பா, 12 வயதுப் பெரியவள், 9 வயதுச் சின்னவன். முதல் நாள் ஃபிளாக்ஸ்டாஃபில் தங்கிவிட்டு, விடியும் முன்னே கிளம்பி ஒன்றரை மணி நேரம் காரில் வந்தோம். நுழைவுக் கட்டணம் நாங்கள் கட்டவில்லை. அமெரிக்காவில் நாலாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு தேசியப் பூங்காக்களில் ஒரு வருட இலவச அனுமதி உண்டு. கூட காரில் வருகிற குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். வீட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த ஒரு வருஷத்தை வீணாக்காதீர்கள். "பேரன் சம்பாத்தியத்துல உள்ள வந்தாச்சு" என்று அப்பா நாலு பேரிடமாவது சொல்லியிருப்பார்.

திட்டம் சுலபமானது. ஒன்றரை மைலில் ஒரு கல் மண்டபம் இருக்கிறது. ஒன்றரை மைல் ஓய்விடம் என்பதுதான் அதன் பெயரே. அதுவரை இறங்குவது, சாப்பிடுவது, திரும்புவது. இறக்கம் சுமார் 1,100 அடி. இறங்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு வேண்டும் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை கோடையில் உள்ளே நடக்காதீர்கள் என்பது அவர்கள் சொல்லும் இன்னொரு விஷயம். ஏழுக்கு இறங்கினால் பத்துக்கெல்லாம் மேலே வந்துவிடலாம் என்று நான் தாளில் எழுதியே வைத்திருந்தேன்.

பையில் புளியோதரை, முறுக்கு, ஆரஞ்சு, உப்புக் கடலை. பெரியவர்களுக்கு ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, பிள்ளைகளுக்கு இரண்டு. பாலைவனத்தில் வாழ்கிற எங்களுக்குத் தண்ணி என்றால் ஒரு பயம் உண்டு. "நிக்கிற இடத்துல எல்லாம் குடிக்கணும்" என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்காத குறை.

இறங்கத் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே பாறையைக் குடைந்த ஒரு சிறு சுரங்கவழி வருகிறது. அதைத் தாண்டி நின்று மேலே அண்ணாந்து பார்த்தால், பாறை முகப்பில் சிவப்பு நிறத்தில் பழங்குடிகள் தீட்டிய ஓவியங்கள் தெரியும். எங்களுக்கு முன்னால் போன முப்பது பேரில் ஒருவர்கூட தலை நிமிரவில்லை. சின்னவன்தான் கண்டுபிடித்தான். "தாத்தா, யாரோ கிறுக்கியிருக்காங்க" என்றான். அது எத்தனை பழசு என்று விளக்கியதும் அவனுக்குப் பெரிய பொறாமை. அவன் கிறுக்கினால் மட்டும் திட்டுகிறோமாம்.

இந்தப் பாதை ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்பதே ஒரு கதை. செங்குத்தாக நிற்கிற பாறைச் சுவரில் இங்கே ஒரு பிளவு ஓடுகிறது. பிளவின் ஒரு பக்கம் பாறை அடுக்குகள் மேலே ஏறியும், மறுபக்கம் கீழே இறங்கியும் இருக்கும். நடந்துகொண்டே பார்த்தால் இரண்டு பக்கக் கோடுகளும் பொருந்தவில்லை என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். பாறை உடைந்து சரிந்த அந்த இடத்தில்தான் கால் வைத்து இறங்க வழி கிடைத்தது. முதலில் ஆடும் மானும் இறங்கியிருக்கும். பிறகு ஹவாசுபாய் மக்கள் இறங்கினார்கள். ரொம்பப் பிற்பாடு ஒருவர் அதை அகலப்படுத்தி, போகிற வருகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு டாலர் சுங்கம் வசூலித்தார். 1928-ல் பாதை தேசியப் பூங்காவின் கைக்கு வந்தது.

மேலே முதலில் வெளிர் நிறச் சுண்ணாம்புப் பாறை. சுமார் 27 கோடி வருஷத்துக்கு முன்னால் ஆழமில்லாத கடலின் அடி. அதற்கும் கீழே வெண்ணெய் நிறத்தில் ஒரு மணற்பாறை. அது கடல் இல்லை, பாலைவனம். காற்று குவித்த மணல் மேடுகள் அப்படியே இறுகிப் பாறையாகிவிட்டன. மணல் சரிந்த சாய்வுக்கோடுகள் இன்னும் அதில் தெரிகின்றன. பெரியவள் விரலால் ஒரு கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஒரே ஒரு நாள் அடிச்ச காத்தா இருக்குமோ?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கும் கீழே எல்லாம் சிவப்பு. சட்டையில் படிந்த அந்தச் செம்மண் ரெண்டு துவையலுக்குப் பிறகும் போகவில்லை.

வழியில் கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தன. முதுகில் ஆட்கள். கழுதை வந்தால் நாம் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி, அசையாமல், சத்தம் போடாமல் நிற்கணும். பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது. ஏழெட்டு கடந்து போகிறவரை அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்த வாசனையைப் பற்றி எந்தப் பயணக் கட்டுரையும் சொல்வதில்லை.

எட்டேகாலுக்கு ஒன்றரை மைல் மண்டபம். கழிப்பறை இருக்கிறது. கோடையில் குழாயில் தண்ணி வரும். பள்ளத்தாக்கின் மறுபக்கத்து ஊற்றிலிருந்து 1960-களில் போட்ட ஒரே குழாய்தான் இத்தனை பேருக்கும் தண்ணி கொண்டுவருகிறது. அது அடிக்கடி உடையும். கிளம்புகிற அன்று காலையில் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம், தண்ணி வந்தது.

அங்கே உட்கார்ந்தால் வெகு கீழே ஒரு பச்சைத் திட்டு தெரியும். சுற்றிலும் சிவப்பும் பழுப்புமாகக் கிடக்கிற பாறைக்கு நடுவில் யாரோ கொத்தமல்லிக் கட்டைப் போட்டுவிட்டுப் போன மாதிரி. அதன் பெயர் ஹவாசுபாய் தோட்டம். ஊற்று உள்ள இடம். ஹவாசுபாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் செய்தார்கள். 1919-ல் இது தேசியப் பூங்கா ஆனது. 1928-ல், அங்கே கடைசியாக இருந்தவரையும் வெளியேற்றினார்கள். வெள்ளைக்காரர்கள் வைத்த வேறொரு பெயர்தான் வெகுகாலம் பலகையில் இருந்தது. அந்த மக்கள் கேட்டுக் கேட்டு, 2022 நவம்பரில்தான் அவர்கள் பெயர் வந்தது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான அப்பா அந்தப் பச்சையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி இருந்த நிலத்தை விட்டுட்டுப் போகச் சொன்னா எப்படிப் போவான்?" என்றார்.

இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நம் சாமிகள் பெயர்தான். விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில். எல்லாம் கோபுரம் மாதிரி கூம்பி நிற்கிற பாறைக் குன்றுகள். கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியல் அறிஞர் 1880-களில் தொடங்கி வைத்த பழக்கம். ஆற்றங்கரையில் கிடக்கிற கறுப்புப் பாறைக்கே 'விஷ்ணு' என்றுதான் பெயர். வயது சுமார் 175 கோடி வருஷம். முதல் நாள் அருங்காட்சியகத்தில் அதைப் படித்ததும் பெரியவள் துள்ளினாள். பள்ளிக்கூடத்தில் என் பெயரை ஒழுங்காகச் சொல்ல ஒருவரும் இல்லாமல் வளர்ந்தவள் நான். அவள் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் பல்லாயிரம் மைல் தாண்டியிருக்கிற நம் சாமிக்கு நூற்றிநாற்பது வருஷமாக இங்கே பெயர்ப்பலகை. இங்கேயே உழுதவர்களுக்கு 2022 வரை இல்லை. அதை அவளிடம் அந்த மண்டபத்தில் வைத்துச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நாம அதுவரைக்கும் போய்ப் பார்க்கணும்" என்றாள்.

தோட்டம் நாலரை மைல். அது நடக்காது என்று அவளுக்கே தெரியும். உடனே பேரம். "த்ரீ மைல் ரெஸ்ட்ஹவுஸ் வரைக்கும், அம்மா. ப்ளீஸ். இன்னும் ஒன்றரை மைல்தான். எனக்கு டயர்டாவே இல்ல."

யாருக்கும்தான் இல்லை. இறங்கும்போது எல்லோருக்கும் நன்றாகவே இருக்கும். பாதையின் இந்தப் பக்கம் அப்போது நிழல் வேறு.

அப்பா செருப்பிலிருந்து ஒரு கல்லைத் தட்டிக்கொண்டே சொன்னார். "இவ்வளவு தூரம் வந்துட்டு பாதியில திரும்புறதா?"

இந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். பதினாலு மணி நேரம் கார் ஓட்டி, கொட்டுகிற மழையில் நயாகரா பார்த்தது இந்த வாக்கியத்தால்தான். இந்தியா போகும்போது ஒரே நாளில் அஞ்சு கோயில் பார்த்ததும் இதனால்தான். விமானச் செலவு, விடுமுறை நாள், பெட்ரோல் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்த தலைமுறைக்கு, பாதியில் திரும்புவது என்றால் காசைக் கிழித்துப் போடுவது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கணக்கில்தான் நான் படித்தேன்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். மணி எட்டரை.

"சரி, போவோம்" என்றேன்.

அந்தத் திருத்தம் இங்கேதான். இந்த வரியை அப்பா அடித்துவிட்டு, 'அப்பா வற்புறுத்தியதால் போனோம்' என்று சிவப்பில் எழுதியிருந்தார். இல்லைப்பா. நீங்கள் சொன்னது ஒரு வாக்கியம். பிள்ளைகளின் அம்மா நான். தாளில் எழுதி வைத்திருந்ததும் நான், மீறியதும் நான். வரி அப்படியே இருக்கட்டும்.

மூணு மைல் மண்டபம் அருமையான இடம். அதையும் மறைக்காமல் சொல்லணும். அங்கிருந்து பச்சைத் தோட்டத்தின் மரங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. அதற்கு அப்பால் சமதளமாக விரிகிற மேடு, அது சட்டென்று முடிகிற இடத்தில் கறுப்பாக ஒரு பிளவு. ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை. பெரியவள் ஒரு வார்த்தை பேசாமல் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதில் அது நடப்பதே அபூர்வம்.

ஒன்பதே முக்காலுக்குத் திரும்பினோம். மூணு மைல், 2,100 அடி ஏற்றம். நிழல் போயிருந்தது.

முதல் அரை மணி நேரம் பேச்சும் சிரிப்பும். அப்புறம் பேச்சு நின்றது. அப்பா இருபது அடிக்கு ஒருமுறை நின்றார். முட்டி வலி என்று சொல்லாமல் காட்சியை ரசிப்பது மாதிரி நின்றார். என் கவனமெல்லாம் அவர் மேல்தான். சின்னவன் என் பின்னால் சமர்த்தாக வந்துகொண்டிருந்தான். நிற்கிற இடத்தில் எல்லாம், நான் சொல்லிக்கொடுத்தபடி, தண்ணி குடித்தான்.

பத்தேமுக்கால் வாக்கில் பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். தலை வலிக்குது என்றான். அடுத்த நிமிஷம் வாந்தி. வெறும் தண்ணி. மறுபடி வாந்தி. முகம் வெளுத்து, கை சில்லென்று. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணி கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தான்.

அந்தப் பாதையில் மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். விபத்து நடக்கும் முன்னே ஆட்களைப் பார்த்து எச்சரிப்பதுதான் அவர்கள் வேலை. மேலிருந்து இறங்கி வந்த ஒரு அம்மாள், அறுபது வயதிருக்கும், எங்களைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டார். முதலில் அவனிடம் பேசினார். இன்னிக்கு என்ன கிழமை, உன் டீச்சர் பேர் என்ன, நாய் வளர்க்கிறாயா என்று. மெதுவாகப் பதில் சொன்னான். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எவ்வளவு தண்ணி குடிச்சான்?"

"மூணு லிட்டர் இருக்கும். ரெண்டு தடவை ரொப்பிக் கொடுத்தோம்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"என்ன சாப்பிட்டான்?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். காலையில் காரில் அரை வாழைப்பழம். ஒன்றரை மைலில் பசிக்கலன்னு சொன்னான். மூணு மைலில் புளியோதரை காரம்னு சொன்னான். அவ்வளவுதான்.

அந்த அம்மாள் திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். பாலைவனக் காற்றில் வேர்வை வேர்க்கும்போதே காய்ந்துவிடும், அதனால் தெரியாது. ஆனால் உப்பு போய்க்கொண்டே இருக்கும். சாப்பிடாமல் வெறும் தண்ணியாகக் குடித்தால் உடம்பில் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், சோர்வு எல்லாம் வெயில் தாக்கின மாதிரியேதான் இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எவ்வளவு குடித்தான், என்ன சாப்பிட்டான் என்று கேட்டால்தான் தெரியும். முற்றினால் குழப்பம், வலிப்பு வரை போகும். இவனுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிற மாதிரி இருக்கிறது. தண்ணியைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், நிழலில் உட்காரட்டும், உப்பாக ஏதாவது கொடுங்கள். பேச்சு குழறினால் உடனே ரேடியோவில் ஆள் கூப்பிடுவேன்.

பாறை இடுக்கில் நாலு பேர் உட்காரும் அளவு நிழல். அவர் உப்பு பிஸ்கட் நீட்டினார். சின்னவன் தலையைத் திருப்பிக்கொண்டான். முறுக்கு வேண்டாம் என்றான்.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். பயணத்தில் அது இல்லாமல் அவர் வருவதே இல்லை. உள்ளே காய்ந்து கறுத்த உப்பு நார்த்தங்காய். அத்தை வருஷாவருஷம் சுருள் சுருளாக நறுக்கி உப்புப் போட்டுக் காயவைத்து அனுப்புவது. பிள்ளைகள் அதை 'பழைய தோல்' என்று கேலி செய்வார்கள். அப்பா ஒரு துண்டைக் கிள்ளி, "மெல்ல வேணாம்டா, சும்மா வாயில ஒதுக்கிக்க" என்றார். அவருடைய விரல் நடுங்கியது.

சின்னவன் வாயைத் திறந்தான்.

தன்னார்வலர் அம்மாள் டப்பாவை எட்டிப் பார்த்தார். "உப்பா?" என்று கேட்டார். "முழுக்க உப்பு" என்றேன். தலையாட்டினார்.

பத்து நிமிஷத்தில் இன்னொரு துண்டு கேட்டான். இருபது நிமிஷத்தில் முறுக்கு. அரை மணி நேரம் கழித்து, காரம் என்று ஒதுக்கிய புளியோதரையை நாலு வாய். நாற்பத்தைந்து நிமிஷம் அந்த இடுக்கில் இருந்தோம். அதற்குள் பெரியவள் எழுந்து போய்ச் சற்றுத் தள்ளி நின்று அழுதாள். "நான்தான் கேட்டேன்" என்றாள். "நீ கேட்ட. சரின்னு சொன்னது நான்" என்றேன். அப்பா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் ஒன்றரை மைல் மண்டபம் வரை எங்கள் கூடவே ஏறி வந்தார். அவர் கற்றுக்கொடுத்த நடை ஒன்று உண்டு. பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். சின்னவன் அவரிடம் தன் வகுப்புப் பல்லியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஏறினான். மண்டபத்தில் தொப்பியையும் சட்டையையும் குழாயில் நனைத்துப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்தோம். அங்கே விடைபெறும்போது அப்பா இரண்டு கையையும் கூப்பினார். அவரும் கூப்பினார்.

விளிம்புக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். நான் தாளில் எழுதியிருந்தது பத்து. ஆண்டுதோறும் இருநூற்றைம்பது பேருக்கு மேல் உள்ளிருந்து மீட்கப்படுவதாகச் சொல்லும் எச்சரிக்கையைக் காலையிலேயே படித்திருந்தேன். அது யாரோ முட்டாள்களைப் பற்றியது என்று நினைத்திருந்தேன்.

உங்களோடு தாத்தா பாட்டி வந்திருந்து, அவர்களுக்கு முட்டி சரியில்லை என்றால், மேலேயே நல்ல வழி இருக்கிறது. யவபாய் அருங்காட்சியகத்திலிருந்து விளிம்போடு போகிற சமதளப் பாதை. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வெண்கலக் குறி பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம் வருஷம். வழியெல்லாம் அந்தந்தக் காலத்துப் பாறையை வைத்திருக்கிறார்கள். 'விஷ்ணு' பாறையையும் அங்கேயே தொட்டுப் பார்க்கலாம். இதைத்தான் நாங்கள் காலையில் செய்து, ஒன்றரை மைலோடு நிறுத்தியிருக்கணும்.

திரும்பும்போது காரில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டியதும் இறக்கம். வெளியே வெப்பம் ஒவ்வொரு டிகிரியாக ஏறுவதைக் காரின் திரையில் பெரியவள் வாசித்துக்கொண்டு வந்தாள். தூங்குகிறான் என்று நினைத்த சின்னவன் பின் சீட்டிலிருந்து, "தாத்தா, அந்தப் பழைய தோல் இன்னும் இருக்கா?" என்றான். டப்பா பின்னால் போனது.

அக்டோபரில் மறுபடி போகிறோம். அப்பா விசாவை நீட்டிக்கவில்லை, அவர் இருக்க மாட்டார். டப்பாவை விட்டுவிட்டுப் போகிறார். ஒன்றரை மைல் வரைதான் என்று சொல்லியிருக்கிறேன். பெரியவள் ஒன்றே முக்காலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள்.